சாவி அவளிடம், நிலம் யாரிடம்?

முதுகலை வகுப்பில் ‘நோமேட்லேண்ட்’ திரைப்படத்தைத் திரையிட்ட பின், எந்தக் காட்சி பிடித்தது என்று கேட்டேன். தன்னோடு தங்கிவிடச் சொல்லும் டேவின் வீட்டிலிருந்து ஃபெர்ன் ஒருவரிடமும் சொல்லாமல் வேனைக் கிளப்பிக்கொண்டு போகும் காட்சியைத்தான் பல மாணவிகள் சொன்னார்கள். விடுதியிலிருந்து ஊருக்குப் போகவே அப்பாவின் கையெழுத்துக் கேட்கும் பதிவேட்டோடு வாழ்கிறவர்கள் அவர்கள். அந்த ஆசையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்த ஆசையைப் படம் எதன்மேல் கட்டியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜெசிகா புரூடர் 2017இல் வெளியிட்ட அபுனைவு நூலைத் தழுவி, குளோயி சாவ் 2020இல் இயக்கிய படம் இது. 2011இல் நெவாடா மாநிலத்தின் எம்பயர் என்னும் ஊரில் ஜிப்சம் ஆலை மூடப்படுகிறது. ஆலையோடு ஊரும் முடிந்துபோகிறது. கணவனை இழந்த, அறுபதைத் தொட்ட ஃபெர்ன் வேனையே வீடாக்கிக்கொண்டு, வேலை கிடைக்கும் இடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

நம் திணை மரபில் பாலை என்பது தலைவன் பொருள் தேடிப் பிரிந்து செல்லும் வெளி. தலைவி அவ்வழியில் போனாலும் உடன்போக்காகத்தான் போகிறாள். தானே பொருள் தேடித் தனியாகப் பாலையில் வண்டி ஓட்டும் மூத்த பெண்ணைக் கதையின் நடுவில் வைத்தது இந்தப் படத்தின் முதல் சாதனை.

இரண்டாவது சாதனை, பயணத் திட்டமிடலை அது காட்டும் விதம். சாகசக் கதைகளில் ஆண் வரைபடத்தை விரித்து ஒரு கோடு போட்டால் திட்டம் முடிந்தது. இங்கே திட்டம் என்பது உடம்பைப் பற்றியது. மலம் கழிக்க எந்த அளவு வாளி வேண்டும், முட்டிவலி உள்ளவர்களுக்கு எது வசதி என்று கூடிப் பேசுகிறார்கள். மாற்று டயர் இல்லாமல் வந்ததற்காக ஸ்வாங்கி ஃபெர்னைக் கடிந்துகொள்கிறாள். இந்த இடத்தில் இப்படி வந்தால் சாவுதான் என்கிறாள். இரவில் எங்கே நிறுத்தினால் கதவைத் தட்டி எழுப்ப மாட்டார்கள், அரசுப் பொதுநிலத்தில் எத்தனை நாள் தங்கலாம் (பொதுவாக 14 நாள்) என்பதெல்லாம் ஒருவர் மற்றவருக்குக் கற்றுத்தரும் அறிவு. சமையலறையில் கைமாறுகிற அறிவைப் போல இதுவும் ஏட்டில் ஏறாதது. அதைத் திரையில் ஏற்றியதற்காகவே இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சிக்கல் தேசியப் பூங்காவில் தொடங்குகிறது. தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் பூங்காவில் ஃபெர்னும் லிண்டா மேயும் முகாம் பராமரிப்பாளர்களாக வேலை செய்கிறார்கள், கழிப்பறை கழுவுகிறார்கள். பூங்காவை ஒட்டி வாழ்வது என்றால் பயணிக்கு அது காட்சி; இவர்களுக்கோ அது பருவகாலக் கூலி. புரூடரின் நூலில் மையப் பாத்திரமே லிண்டா மேதான். அறுபதைக் கடந்த அவருடைய கணக்குவழக்கு, உடல்வலி, சொந்தமாக வீடு கட்டும் கனவு எல்லாம் அதில் விரிவாக இருக்கின்றன. அமேசான் கிடங்குகளில் வலிமாத்திரை இலவசமாகக் கிடைப்பதையும் புரூடர் எழுதுகிறார். படத்தில் அந்த மாத்திரை இல்லை. கிடங்கு ஏறக்குறைய நட்பான இடமாகிவிடுகிறது. உண்மையான லிண்டா மே துணைப்பாத்திரமாகி, கற்பனையான ஃபெர்ன் மையத்துக்கு வருகிறாள். உழைப்பின் கதை தனிமையின் கதையாக மாறுவது இப்படித்தான்.

இந்தச் சாலை எல்லோருக்கும் திறந்ததும் அல்ல. கறுப்பினப் பயணிகள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்லும் ‘கிரீன் புக்’ என்ற கையேடு 1936 முதல் முப்பது ஆண்டுகளாக வெளிவந்தது. வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவிலேயே கறுப்பினத்தவருக்கென லூயிஸ் மலையில் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். வேனில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் ஏன் வெள்ளையர்கள் என்ற கேள்வியைப் புரூடர் கேட்கிறார். வண்டிக்குள் தூங்கும் கறுப்பினத்தவருக்குக் கதவைத் தட்டும் காவலர் தரும் அச்சம் வேறு. படம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்வது பேட்லேண்ட்ஸின் வெறுமைதான். சுற்றுலாக் குழுவுக்குப் பாறைகளைப் பற்றி விளக்கும்போது ஃபெர்ன் விலகிப் பாறை இடுக்குகளில் சுற்றித் திரிகிறாள். பாறையைப் பற்றிச் சொல்ல அங்கே ஒரு குரல் இருக்கிறது. மக்களைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. 1868 ஒப்பந்தத்தின்படி அந்த நிலம் லகோட்டா மக்களுக்குரியது. இன்றும் பூங்காவின் ஏறத்தாழப் பாதி, ஓக்லாலா லகோட்டா மக்களின் பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்துக்குள் இருக்கிறது. 1942இல் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அங்கே நிலத்தை எடுத்துக்கொண்டு சுமார் 125 குடும்பங்களை அரசு வெளியேற்றியது. ஃபெர்னுக்கு முன்பே அந்த மண்ணில் வீடிழந்தவர்கள் அவர்கள்.

சாவ் இதை அறியாதவர் அல்ல. அவருடைய முதல் இரண்டு படங்களும் பைன் ரிட்ஜில், அந்த மக்களையே நடிக்கவைத்து எடுத்தவை. இங்கே அவர்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டார்கள். ஃபெர்னின் சகோதரி, இந்த நாடோடிகள் பழைய முன்னோடிக் குடியேறிகளைப் போன்றவர்கள் என்று பெருமையோடு சொல்கிறாள். அந்த முன்னோடிகள் யாரை விரட்டிவிட்டுக் குடியேறினார்கள் என்று படம் கேட்பதில்லை.

தமிழில் ‘வீடு’ என்ற சொல்லுக்கு விடுதலை என்றும் பொருள். நம் பெண்களில் பலருக்கு இந்த இரண்டு பொருளும் சேர்ந்து வாய்ப்பதில்லை. ஃபெர்ன் முதல் பொருளை விட்டுவிட்டு இரண்டாவதைத் தேடுகிறாள். அந்தத் தேடலை நான் கைவிடச் சொல்லமாட்டேன். ஆனால் ஒருத்தியின் விடுதலைக்கு இன்னொருத்தியின் வீடு காலிமனையாகக் காட்டப்பட்டால், அதைச் சுட்டிக்காட்டுவதும் பெண்ணியத் திறனாய்வின் வேலைதான்.

அடுத்த வாரம் சாவின் முதல் படமான ‘சாங்ஸ் மை பிரதர்ஸ் டாட் மீ’யைத் திரையிட்டேன். பைன் ரிட்ஜில் அண்ணன் ஊரைவிட்டுப் போகத் திட்டம் போடுகிறான். தங்கை ஜஷான் அந்த நிலத்தில் தனியாகச் சுற்றி வருகிறாள். படம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “ஃபெர்ன் இந்தப் பக்கமாத்தானே மேடம் வந்தாங்க? இந்தப் பொண்ண அவங்க பாக்கவே இல்லையா?”