வேடந்தாங்கலைச் சுற்றி ஒரு வட்டம்

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர். 1998இல் அரசு அறிவித்த பறவைகள் சரணாலயமோ ஏரியிலிருந்து நாற்புறமும் 5 கிலோமீட்டர் தொலைவுக்கு விரிகிறது. கணக்குப் போட்டால் 7,800 ஹெக்டேரைத் தாண்டும். அந்த வட்டத்துக்குள் இருப்பது பெரும்பாலும் காடல்ல. நஞ்சை, சிற்றேரிகள், கோயில், பள்ளிக்கூடம், பட்டா நிலம். ஊர்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றைச் சரணாலயம் என்று அழைப்பது நல்ல ஏற்பாடுதானா?

ஊராரின் காவல் சட்டத்துக்கு முந்தியது. வெள்ளைச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட, ஊரார் போய் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் வேட்டைக்குத் தடை விதித்து, கவுல் என்ற எழுத்துமூல உறுதி கொடுத்தார்.  1858இல் அந்த உரிமையை ஊரார் புதுப்பித்துக்கொண்டார்கள். பறவைமேல் இருந்த பிரியம் மட்டும் இதற்குக் காரணமல்ல. நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் ஆகியவற்றின் எச்சம் ஏரி நீரில் கலக்கும். மதகு வழியாக அந்த நீர் வயலுக்குப் பாயும்போது உரமும் கூடவே போகும். பறவைகளுக்காக ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கம் இந்த ஆதாயத்தின்மேல் வளர்ந்தது. ஆதாயம் கலந்த பக்தி நீடிக்கும் என்பதற்கு 200 ஆண்டு சான்று இருக்கிறது.

5 கிலோமீட்டர் வட்டத்தின் நியாயமும் இங்கேதான். பறவைக்கு ஏரி வெறும் வீடு; சாப்பாடு வெளியே. நத்தைகுத்தி நாரை நத்தை தேடிப் போவது நெல்வயலுக்கு. ஏரியை மட்டும் வேலிபோட்டுக் காத்திருந்தால் வயல் என்றைக்கோ போயிருக்கும். வட்டம் இருப்பதால்தான் ஆலைகள் வனவுயிர் வாரியம்வரை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020இல் 5 கிலோமீட்டரை 3 ஆகக் குறைக்கும் யோசனை வனத்துறையிடமிருந்தே கிளம்பியது. ஒரு மருந்து ஆலையின் விரிவாக்க விண்ணப்பமும் அதே ஆண்டு செய்தியானது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. எல்லையை ஒருமுறை சுருக்கினால் மறுமுறை சுருக்குவது எளிது என்ற அச்சம் வீணல்ல.

ஆனாலும் வட்டம் காம்பஸ் போட்ட கோடு. தண்ணீர் அதைப் பார்த்து ஓடாது. இங்குள்ள ஏரிகள் சங்கிலியாகக் கோத்தவை. மேலே ஓர் ஏரியின் வரத்துக்கால் அடைபட்டால் கீழே மரங்கள் வறண்ட தரையில் நிற்கும், பறவை வராது. அடைபட்ட இடம் 6 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வட்டம் என்ன செய்யும்?

இதைவிடப் பெரிய ஓட்டை ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆலையைத் தடுக்கத் தெரிந்த சட்டம், விவசாயி நடவை நிறுத்துவதைக் கவனிப்பதில்லை. ஜி.எஸ்.டி. சாலையும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளும் செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலத்தின் விலையையும் பிள்ளைகளின் வேலையையும் மாற்றிவிட்டன. எச்சம் கலந்த நீர் யூரியாவோடு போட்டியிட வேண்டும். நெல் மனைப்பிரிவோடு போட்டியிட வேண்டும். பயிர் வைக்காதவருக்கு அந்த நீரால் என்ன லாபம்? கட்டுப்பாட்டின் சுமை அவர் பட்டாமேல் விழுகிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போகும் சென்னைக்காரருக்கு அதில் பங்கில்லை.

முதுமலைப் புலிகள் காப்பகத்தில் செய்ததுபோல ஊரை வெளியே குடியமர்த்துவது இங்கே ஆகாது. ஏரியே மனிதர் வெட்டிய பாசன ஏரி. கரையும் மதகும் கவனிப்பாரின்றி நிற்காது. வேடந்தாங்கலுக்கும் பக்கத்துக் கரிக்கிலிக்கும் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. அந்தப் பெருமை ஈரநிலத்துக்கு வந்தது, நெல்லுக்கு வரவில்லை. வட்டத்துக்குள் நெல் நடுகிறவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை, வரத்துக்கால்களை வட்டத்தின் எல்லை பார்க்காமல் தூர்வார நிதி: வட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு அரசு இந்த இரண்டிலிருந்து தொடங்கலாம்.