யானையைச் சுட்ட அதிகாரியும் இறந்த கூலியும்

ஜோர்ஜ் ஓர்வெல் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். 1945 இல் வெளிவந்த 'விலங்குப் பண்ணை' சோசலிசத்தின் எதிரிகளுக்கு வாய்ப்பான ஆயுதமாயிற்று என்பது அவர்தம் மனக்குறை. அக்குறை ஆதாரமற்றதென்று வாதாட நான் முன்வரவில்லை. ஆயினும் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1936 இல், ஜோன் லேமன் நடத்திய 'நியூ றைற்றிங்' என்ற இடதுசாரிச் சார்புடைய வெளியீட்டில் அதே ஓர்வெல் 'யானையைச் சுடுதல்' என்றொரு சிறு கட்டுரை எழுதினார். ஏகாதிபத்தியத்தின் பொலிஸ் அதிகாரி ஒருவர் தம் தொழிலைப் பற்றித் தாமே வழங்கிய வாக்குமூலம் என்று அதனைக் கூறலாம். பொலிசார் பலாத்காரத்தை எப்பொழுது, எவ்வளவு பிரயோகிக்கலாம், அதற்கு அவர்கள் எவ்வாறு பயிற்றப்பட வேண்டும் என்ற விவாதம் உலகெங்கும் ஓங்கியுள்ள இக்காலத்தில் அவ்வாக்குமூலத்தை மறுபடியும் எடுத்துப் படிக்கவேண்டியிருக்கிறது.

எரிக் பிளேயர் என்பது ஓர்வெலின் இயற்பெயர். 1922 இல், பத்தொன்பதாம் வயதில், இந்திய ஏகாதிபத்தியப் பொலிஸ் சேவையிற் சேர்ந்து அவர் பர்மாவுக்குச் சென்றார். மாண்டலேயிலிருந்த பொலிஸ் பயிற்சிப் பாடசாலையிற் சட்டமும், பர்மிய மொழியும், இந்துஸ்தானியும், பொலிஸ் நடைமுறையும் கற்றார். ஐந்தாண்டுகள் பல ஊர்களிலே பணியாற்றி, 1927 இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர் பதவியைத் துறந்தார். ஆகவே கட்டுரையில் வரும் அதிகாரி பயிற்சி பெறாத முரடன் அல்லன்; சட்டம் படித்தவன், ஊர்மொழி அறிந்தவன், போதாக்குறைக்கு ஏகாதிபத்தியம் தீயது என்று உள்ளூர நம்புகிறவன். கட்டுரையின் வலிமை இங்கேதான் தொடங்குகிறது. கொடியவன் ஒருவன் யானையைச் சுட்டான் என்று எழுதியிருந்தால் அதனை நாம் இன்று படிக்கமாட்டோம்.

கதை எளியது. மௌல்மேன் நகரில் மதங்கொண்ட வளர்ப்பு யானையொன்று கட்டறுத்து அட்டகாசம் செய்கிறது. குடிசையொன்றை இடித்து, பசுவொன்றைக் கொன்று, பழக்கடைகளைச் சூறையாடி, ஈற்றில் இந்தியக் கூலியொருவனைச் சேற்றில் மிதித்துக் கொன்றுவிடுகிறது. செய்தி கேட்டுப் புறப்பட்ட அதிகாரி கையில் எடுத்துச்சென்றது யானையைக் கொல்ல உதவாத சிறிய துப்பாக்கி. கூலியின் பிணத்தைக் கண்ட பின்னரே நண்பர் வீட்டுக்கு ஆளனுப்பி யானைத் துப்பாக்கியைத் தருவிக்கிறான். அதுவுந் தற்காப்புக்காகவே, சுடும் எண்ணம் அவனுக்கில்லை. ஆனால் அத்துப்பாக்கியைக் கண்டதும் ஊரே திரண்டு பின்தொடர்கிறது. வயலில் யானை அமைதியாகப் புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டு நிற்கிறது. மதம் தணிந்து வருவதை அதிகாரி உணர்கிறான். பாகன் வந்து சேரும்வரை சற்றே காவல் நின்றாற் போதும். திரும்பிப் பார்க்கிறான். இரண்டாயிரம் பேர் நிற்கிறார்கள். அவர்கள் எதிர்பார்க்கிறார்கள், ஆகவே சுட்டாக வேண்டும். சுடாது திரும்பினாற் சிரிப்பார்கள். வெள்ளை அதிகாரியைச் சுதேசிகள் பார்த்துச் சிரிப்பதா?

பின்னர் நடப்பதை ஓர்வெல் மிக நிதானமாக எழுதிச் செல்கிறார். யானையின் மூளை எங்கேயிருக்கிறது என்பதைக்கூட அவன் சரிவர அறிந்திருக்கவில்லை. குறி தவறிய இடத்திற் குண்டுகள் பாய்கின்றன. மூன்றாம் வேட்டில் யானை சரிகிறது, ஆயினும் சாகவில்லை. மேலும் சுடுகிறான், பயனில்லை. பார்த்து நிற்க மாட்டாது அகன்றுவிடுகிறான். அது இறக்க அரைமணி நேரமாயிற்று என்று பிறகு கேள்விப்படுகிறான்.

நம் கவனத்துக்குரிய பகுதி இதன் பின்னரே வருகிறது. சுட்டது சரியா என்று ஐரோப்பியர் தம்முள் விவாதிக்கின்றனர். முதியவர்கள் சரி என்கின்றனர். கூலி ஒருவனைக் கொன்றதற்காக யானையைச் சுடுவது அநியாயம், யானையின் விலை கூலியின் விலையிலும் பெரிது என்பது இளையவர்களின் கட்சி. சட்டமோ அதிகாரியின் பக்கம் நிற்கிறது. உரிமையாளன் அடக்கத் தவறிய மதயானை வெறிநாயைப் போலக் கொல்லப்படத்தக்கது. அத்துடன் ஒரு மனித உயிரும் போயிருக்கிறது. கூலி செத்தது நல்லதாயிற்று என்று அதிகாரி மகிழ்கிறான். அச்சாவு அவனுக்குச் சட்டத்தின் நியாயத்தைத் தேடிக்கொடுத்தது. உண்மைக் காரணம், தான் ஏளனத்துக்கு ஆளாகாதிருக்கச் சுட்டதுதான். அதை எவரேனும் ஊகித்தறிந்தனரோ என்ற ஐயத்துடன் கட்டுரை முடிகிறது.

ஒரே செயலுக்கு இரண்டு காரணங்கள்: ஏட்டில் எழுதப்படும் காரணம் ஒன்று, நெஞ்சறிந்த காரணம் வேறொன்று. இன்றைய பொலிஸ் பயிற்சி இவ்விரண்டில் எதனைப் பற்றிக் கவலைப்படுகிறது?

ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1984 இல் வட கரோலினா மாநிலத்துச் சார்லற் நகரில் நீரிழிவு நோயாளி ஒருவர் தோடம்பழச்சாறு வாங்கக் கடையொன்றினுள் நுழைந்தார். வரிசை நீண்டிருக்கக் கண்டு விரைந்து வெளியேறினார். அவ்விரைவே பொலிஸ்காரரின் சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. மறிக்கப்பட்டு, விலங்கிடப்பட்டு, பாத எலும்பு முறிந்த நிலையிலே அவர் விடப்பட்டார். அவ்வழக்கில் 1989 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலே இன்றும் அங்கு பலாத்காரப் பிரயோகப் பயிற்சிக்கு அத்திவாரமாய் இருக்கிறது. சம்பவ இடத்தில் நின்ற நியாயமான அதிகாரி ஒருவரின் கண்கொண்டே செயலை நோக்கவேண்டும். பின்னோக்கிப் பார்த்துக் குறை கூறலாகாது. அதிகாரியின் உள்நோக்கம் நல்லதாயினும் தீயதாயினும் அதனைக் கணக்கிலெடுத்தல் வேண்டா என்பது அதன் சாரம்.

இதற்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது. நல்ல எண்ணம் என்று கூறிக் கொடுமை தப்பிவிடக் கூடாது. நெஞ்சைத் திறந்து பார்க்கும் கருவி எந்த நீதிமன்றத்திலும் இல்லை. ஆனால் இவ்வளவுகோலின் கீழ்ப் பயிலும் இளைஞன் தன்னையறியாமலே கற்றுக்கொள்வது என்ன? சம்பவம் முடிந்த பின் எழுதும் அறிக்கையில் எந்த உண்மைகளை முன்வைத்தால் செயல் நியாயமாகத் தோன்றும் என்பதை அவன் கற்கிறான். மௌல்மேன் அதிகாரி எழுதக்கூடிய அறிக்கையைக் கற்பனை செய்து பாருங்கள்: மதங்கொண்ட யானை, இடிந்த குடிசை, மிதிபட்டு இறந்த மனிதன், ஊரில் இல்லாத பாகன். அதிலே ஒரு சொல்லும் பொய்யில்லை. இரண்டாயிரம் பேரின் சிரிப்பு மட்டும் அவ்வறிக்கையில் இடம்பெறாது.

1990 இல் ஹவானாவிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகள் இதனிலும் மேலானவை என்பதில் ஐயமில்லை. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான பேராபத்து நேரும்போதன்றிச் சுடுகருவி பிரயோகிக்கலாகாது என்கின்றன அவை. பயிற்சியிலே மனித உரிமை, இணங்கவைத்தல், பேச்சுவார்த்தை, மாற்று வழிகள், கூட்டத்தின் நடத்தையை விளங்கிக்கொள்ளல் ஆகியவற்றுக்குச் சிறப்பிடம் அளிக்குமாறும் அரசுகளைக் கேட்கின்றன. மனிதருக்கென வகுத்த விதியை விலங்குக்குப் பொருத்துவது மிகைதான். எனினும் புல் மேயும் யானையிடம் உடனடி ஆபத்து எங்கேயுளது? ஆனால் கூட்டத்தை விளங்கிக்கொள்ளச் சொன்னவர்கள், கூட்டத்தின் முன்னிலையிற் பொலிஸ்காரனுக்குள்ளே என்ன நிகழ்கிறது என்பதை யார் கற்பிப்பது என்று கூறவில்லை. ஓர்வெல் அதனை எழுதிக்காட்டினார். தன்னை வெறுக்கும் மக்களை ஆள்வதற்கு அனுப்பப்பட்டவன் அம்மக்கள் எதிர்பார்க்கும் வேடத்தையே ஆடவேண்டியவனாகிறான். மாண்டலேப் பாடசாலை அவனுக்கு இன்னும் இரண்டாண்டு பாடம் நடத்தியிருந்தாலும் இந்நிலை மாறியிராது.

இவ்வளவு பாராட்டிய பின்னர் கட்டுரையின் குறையையும் கூறியாகவேண்டும். அதனை எனக்குச் சுட்டிக்காட்டியவள் என் மாணவி ஒருத்தி. கட்டுரையை வகுப்பிலே தமிழிற் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து, "அந்தக் கூலிக்குப் பேர் இல்லையா, சேர்?" என்று கேட்டாள். இல்லை. யானை சாகும் காட்சிக்கு ஓர்வெல் பல பந்திகளை ஒதுக்குகிறார். மனிதன் கிடந்த கோலத்துக்குச் சில வரிகளே. அவன் திராவிடன், கறுத்தவன், சோழமண்டலக் கரையின் கொறிங்கா வழியே வந்தவன் என்பதற்கு மேல் ஒன்றுந் தெரியாது. கொறிங்கா ஆந்திரக் கரையிலுள்ளது. பர்மாவில் அப்பெயராற் சுட்டப்பட்டோர் பெரும்பாலும் தெலுங்குத் தொழிலாளர். கூலியை விட யானை விலை கூடியது என்று கூறும் இளைய ஐரோப்பியரை ஓர்வெல் ஏளனம் செய்கிறார். ஆனால் அவர் கட்டுரையின் உணர்ச்சிக் கணக்கும் ஏறக்குறைய அதே விலையைத்தான் போடுகிறது. கூட்டமும் அவ்வாறே: இரண்டாயிரம் முகங்களில் ஒரு முகமேனுந் தனித்துத் தெரிவதில்லை. ஆள்பவனின் மனச்சாட்சி நுணுகி ஆராயப்படுகிறது. ஆளப்படுவோர் அம்மனச்சாட்சிக்குப் பின்னணித் திரையாகின்றனர். மனிதாபிமானியான நடுத்தர வர்க்க எழுத்தாளரின் எல்லை இது. அவ்வெல்லையை அவர் நேர்மையுடன் தொட்டார், தாண்டவில்லை.

மாணவியின் கேள்வி எம் மண்ணில் எழுந்ததற்குக் காரணமுண்டு. பேரரசின் பொலிஸ் முறைகள் ஒரு நாட்டோடு நின்றவை அல்ல. 1861 இல் இந்தியாவுக்கும், 1865 இல் இலங்கைக்கும் பொலிஸ் சட்டங்கள் வகுக்கப்பட்டன. 1913 முதல் 1937 வரை இங்கே பொலிஸ்மா அதிபராயிருந்த டௌபிகின், 1930 இல் பலஸ்தீனப் பொலிசைச் சீரமைக்க ஆலோசகராக அனுப்பப்பட்டார். மலையகத் தோட்டங்களிலும் மனிதர் கூலி என்றே பதியப்பட்டனர். 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அவர் பெயர் கோவிந்தன். அப்பெயர் இன்றும் சொல்லப்படுவதற்குக் காரணம், அங்கே ஒரு தொழிற்சங்கம் இருந்தது, கிளர்ச்சி எழுந்தது, அதன் விளைவாக ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டுச் சாட்சிகள் பகிரங்கமாக விசாரிக்கப்பட்டனர்.

மௌல்மேன் கூலிக்கு அவ்வாறான விசாரணை எதுவும் கட்டுரையில் இல்லை. யானையின் சொந்தக்காரன் கோபித்தான் என்றாவது ஓர்வெல் எழுதியிருக்கிறார். அக்கூலியின் வீட்டாருக்குச் செய்தி போயிற்றா, யார் எடுத்து அடக்கஞ் செய்தார் என்பன பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த முறை வகுப்பில் இக்கட்டுரையை எடுக்கும்போது, அவ்வரிகளை மாணவரையே எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.