பாஸா, இ-சிம்மா, இந்திய சிம்மா: பீடோர் குடும்பம் ஒன்றின் திருச்சிப் பயணத்தில்

பீடோரிலிருந்து குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களிடம் இந்திய எண் ஒன்றாவது இருக்க வேண்டும். ரோமிங் பாஸ், பயண இ-சிம், இந்திய சிம் மூன்றையும் ஒரே பயணத்தில் வைத்துப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது. இணைய வேகத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. மூன்றிலும் வாட்ஸ்அப் ஓடியது, கூகுள் மேப்ஸ் வழி காட்டியது. ஆனால் திருச்சியில் வண்டி ஓட்டுநரும், தங்கும் விடுதிக்காரரும், முசிறிப் பக்கத்து உறவும் நம்மைத் தேடினால் பத்து இலக்க எண்ணில்தான் தேடுகிறார்கள்.

முதலில் யார் கையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். என்னுடையது சாம்சுங் கேலக்ஸி ஏ55. மலேசிய எண்ணும் இந்திய எண்ணும் அதில் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தன. 5000 மில்லியாம்ப்-மணி பேட்டரி என்பதால் இரண்டு சிம் போட்டும் இரவு வரை தாக்குப்பிடித்தது. மனைவி தன் மலேசிய எண்ணிலேயே ரோமிங் பாஸ் எடுத்தார். படிவம் நான்கில் படிக்கும் மகளுக்குப் பயண இ-சிம். அம்மாவிடம் 4ஜி வசதியுள்ள நோக்கியா பட்டன் போன். தொடுதிரை அவருக்குப் பிடிப்பதில்லை, கண்ணும் ஒத்துழைப்பதில்லை.

ரோமிங் பாஸின் பெரிய நன்மை, தொந்தரவே இல்லை என்பது. கேஎல்ஐஏவில் விமானம் ஏறும் முன் செயலியில் பணம் கட்டியாயிற்று. திருச்சியில் இறங்கி போனைத் திறந்ததும் இணைப்பு வந்துவிட்டது. பலருக்குத் தெரியாத இன்னொரு நன்மையும் உண்டு. ரோமிங்கில் நம் டேட்டா பொதுவாக மலேசிய நிறுவனத்தின் வலையமைப்புக்கே திரும்பிவந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குள் போகிறது. அதனால் வங்கிச் செயலிக்கு நாம் இன்னும் மலேசியாவில் இருப்பதுபோலவே தெரியும். சுற்றிப் போவதால் பக்கங்கள் திறக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். குறை என்னவென்றால் பாஸ் ஒவ்வோர் எண்ணுக்கும் தனி. ஒருவர் மூன்று நாள் வேலையாகப் போய்வந்தால் சரி. நான்கைந்து பேர் இரண்டு வாரம் தங்கினால் வெள்ளி கரைந்துவிடும். பாஸில் பேசும் நேரம் அடங்குமா, டேட்டா மட்டுமா என்பதையும் வாங்கும் முன்பே படித்துப் பார்த்துவிட வேண்டும்.

வங்கி என்றதும் ஒன்று. எஸ்எம்எஸ் வழி வரும் கடவு எண்ணைக் கைவிடும்படி பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளுக்குச் சொன்னது. மேபேங்கின் செக்யூர்2யூ போல, நம் கையில் இருக்கும் போனே இப்போது சாவி. புதுப் போனில் முதன்முறை பதிவு செய்தால் காத்திருப்பு நேரமும் உண்டு. ஆகவே பயணத்துக்கு முந்தின நாள் போன் மாற்றாதீர்கள். மலேசிய சிம்மைக் கழற்றி ஓரமாக வைக்கவும் வேண்டாம். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு, எண்ணை உயிரோடு விடுங்கள். குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கும். பாஸ் இல்லாத எண்ணில் அழைப்பு வந்தால் எடுக்காமல் இருந்தால் போதும். வாய்ஸ்மெயிலையும் கிளம்பும் முன் நிறுத்திவிடுங்கள். எடுக்காத அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பும்போதுதான் பில் ஏறும்.

பயண இ-சிம்மைப் பற்றி இளைஞர்கள் அதிகம் கேட்கிறார்கள். உங்கள் போன் அதை ஏற்குமா என்று தெரிய *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று ஒரு நீண்ட எண்ணும் தெரிந்தால் ஏற்கும். மகளுக்கு வாங்கியதை பீடோர் வீட்டு வைஃபையிலேயே கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இறக்கிவைத்தோம். இதை இங்கேயே முடித்துவிடுவது முக்கியம். இ-சிம்மை இறக்கவே இணையம் வேண்டும். அதோடு, அனுமதி பெறாமல் விற்றதாகச் சொல்லி ஏர்அலோ, ஹோலாஃப்ளை செயலிகளை இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஜனவரியில் முடக்கச் செய்தது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் கை விரிக்க நேரும். விலை மலிவு, வேகமும் மகளுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் இதில் டேட்டா மட்டும்தான், எண் கிடையாது. தனியாக ஒரு வண்டி கூப்பிட வேண்டும் என்றால் அவளால் முடியாது. கிராப் இந்தியாவில் இல்லை. ஊபர், ஓலா, அல்லது தெருமுனை ஆட்டோதான். எதுவாக இருந்தாலும் ஓட்டுநர் ஒருமுறை கூப்பிட்டு ‘எங்க நிக்கிறீங்க’ என்று கேட்பது அங்கே வழக்கம். +60 என்று தொடங்கும் எண்ணை அவர் கூப்பிடமாட்டார்.

இந்திய சிம் வாங்குவதுதான் மூன்றிலும் சிரமமானது. பாஸ்போர்ட், விசா, அங்கே தங்கும் முகவரி வேண்டும், கடையிலேயே படம் பிடிப்பார்கள். காகிதப் படிவம் 2024 ஜனவரி முதல் இல்லை, எல்லாம் போன் வழியாகத்தான். எங்களைச் சரிபார்க்க ஓர் உள்ளூர் எண்ணுக்குக் கடவு எண் அனுப்பினார்கள். அதனால் உறவினர் ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். சின்னக் கடைகளில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். நிறுவனத்தின் சொந்தக் கடைக்கே நேராகப் போவது நல்லது. காலையில் கொடுத்த சிம் எங்களுக்கு மாலையில்தான் உயிர் பெற்றது. அந்த இடைவெளியில் மனைவியின் ரோமிங் பாஸ்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆகவே குடும்பத்தில் ஒருவருக்காவது முதல் சில நாளுக்குப் பாஸ் எடுப்பதை வீண்செலவு என்று நினைக்க வேண்டாம்.

சிம் வந்தபின் எல்லாம் மாறியது. நாளுக்கு இத்தனை ஜிபி என்று 28 நாள் திட்டங்கள் அங்கே சாதாரணம், அதில் உள்நாட்டுப் பேச்சுக்குக் கணக்கே இல்லை. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் எல்லோருக்கும் இணையம். ரயில் நிலைய வைஃபை கேட்கும் கடவு எண்ணும் அந்த எண்ணுக்கே வந்தது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க ஒன்று உண்டு: டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடையில் இருக்கிறது. இந்திய சிம்மில் அது திறக்காது.

அம்மாவுக்கும் அவர் பாஸ்போர்ட்டில் தனியாக ஓர் இந்திய சிம் வாங்கினோம். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது. பழைய 2ஜி போன் அதில் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2ஜி இன்னும் ஓடும் ஏர்டெல் போன்ற நிறுவனத்தின் சிம்மாக இருக்க வேண்டும். இரண்டாம் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் என் இந்திய எண்ணுக்குப் போகும்படி பதிந்து கொடுத்தேன். அந்தப் பயணத்தில் மிக அதிகமாகப் பேசிய போன் அதுதான்.

அதற்குக் காரணம் எங்கள் ஊர்க் கதையிலேயே இருக்கிறது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, பேராக் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் போனவர்களை அம்மாவின் வயதுக்காரர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்வார்கள். ஒரே லயத்தில் பால்மரம் வெட்டிய அண்ணன் தம்பிகள் அன்றைக்கு இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அப்படிப் போன பெரியம்மா ஒருவர் முசிறிக்கு அப்பால் இருக்கிறார். வாட்ஸ்அப் அவருக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும் பட்டன் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டவர் முதலில் கேட்டது, “ஏம்மா, இது உள்ளூர் நம்பர்தானே? காசு போவாதே?” என்பதுதான். உள்ளூர் எண்தான் என்று உறுதியானதும் இருவரும் தினமும் காலையில் பேசினார்கள். தோட்டத்துப் பெயர்களும் கிராணி பெயர்களும் வரிசையாக வரும். மலேசிய எண்ணாக இருந்திருந்தால் ஒரு நிமிடம் நலம் விசாரித்துவிட்டு வைத்திருப்பார்கள். ரோமிங் பாஸுக்கும் இந்திய சிம்முக்கும் உள்ள வித்தியாசத்தை விலைப்பட்டியலை விட இது தெளிவாகச் சொல்லும்.

போனே கையில் இல்லாத நேரத்துக்கும் குடும்பம் தயாராக இருக்க வேண்டும். கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. பழனியில் 2023 அக்டோபர் முதல் மலைமேல் போன் கொண்டுபோக முடியாது, அடிவாரத்திலேயே கட்டணம் கட்டி ஒப்படைக்க வேண்டும். கூட்டத்தில் பிரிந்துபோகக் கூடிய இடமும் அதுதான். நாங்கள் போனபோது பிள்ளைகள் படியேறுவோம் என்றார்கள், அம்மாவால் விஞ்ச் எனும் இழுவை ரயிலில்தான் போக முடியும்.

“பாட்டி, போனக் குடுத்துட்டா உங்கள எங்க வந்து தேடுறது?” என்று மகள் கேட்டாள்.

“விஞ்ச் மேல போய் நிக்கிற எடத்துலயே உக்காந்திருக்கேன். நீங்க ஏறி வாங்க, நான் நகர மாட்டேன்.”

அப்படிப் பேசி வைத்துக்கொண்டுதான் பிரிந்தோம். அம்மாவின் சுருக்குப் பையிலும் இளைய மகனின் சட்டைப் பையிலும் ஒரு துண்டுத் தாளில் என் இந்திய எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். வழி தவறிய ஒருவரைப் பார்க்கும் கடைக்காரரோ போலீஸ்காரரோ அந்த எண்ணை உடனே அழுத்துவார். மலேசிய எண் என்றால் அவர் போனிலிருந்து பெரும்பாலும் போகாது, ஏனென்றால் அங்குள்ள வரம்பற்ற திட்டங்கள் உள்நாட்டுக்கு மட்டும்தான். 112 என்ற அவசர எண்ணையும் அதே தாளில் எழுதியிருந்தேன். போனை ஒப்படைத்துவிட்டால் மீட்டுக்கொள்ளும் வரை அழைப்பு வந்தாலும் எடுக்க ஆளில்லை என்பதால், மனைவி கீழேயே எங்கள் போன்களை வைத்துக்கொண்டு காத்திருந்து, நாங்கள் இறங்கிய பிறகு தனியாகப் போய் தரிசனம் செய்தார். கூட்ட நாளில் இதைப் போல ஒருவர் கீழே நிற்பது நல்லது.

பீடோரில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மாமனாரோடு தொடர்பு எளிது. அவருக்கு வாட்ஸ்அப் போதும். மலேசிய எண்ணில் பதிந்த வாட்ஸ்அப் இந்திய சிம்மின் டேட்டாவிலும் அப்படியே ஓடும். எண்ணை மாற்றவா என்று செயலி கேட்டால் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். நேரத்தில்தான் கவனம் வேண்டும். அங்கே இரவு ஒன்பது மணி என்றால் பீடோரில் பதினொன்றரை. இந்திய நேரப்படி மாலை ஆறு மணிக்குள் கூப்பிட்டால் அவர் சாப்பிட்டு ஓய்வாக இருப்பார்.

திரும்பி வந்தபின் அந்த இந்திய எண் நீண்ட நாள் நிற்காது. 90 நாள் பயன்பாடே இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்து, பின்னர் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதனால் அதில் வங்கிக் கணக்கையோ வாட்ஸ்அப்பையோ பதிந்து வைக்காதீர்கள். விடைபெறும்போதே உறவினர் போனில் அந்த எண்ணை அழித்துவிட்டு, உங்கள் பீடோர் எண்ணைப் பதிந்து கொடுங்கள். சுழியத்தில் தொடங்கும் நம் எண்ணுக்கு முன்னால் 006 சேர்த்தால் போதும். அங்கிருந்து அழைக்க அவர்களுக்குத் தனிப் பணம் ஆகும். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம், இனி கூப்பிடுவது எங்கள் வேலை என்று.