லண்டனின் மறைந்த மதுவிடுதிகள்: இடம் தேடும் முறையின் பலமும் பலவீனமும்

லண்டன் குடும்பங்களின் பழைய காகிதங்களில் மதுவிடுதியின் பெயர் அடிக்கடி தலைகாட்டும். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாக வரும். உயிலில் குத்தகைச் சொத்தாக வரும். தொழிலாளர் உதவிச் சங்கம் கூடிய இடமாகவும் வரும். சந்தேக மரணங்களைப் பற்றிய விசாரணைகள் பெரும்பாலும் மதுவிடுதிக் கூடங்களில்தான் நடந்தன. தக்க வேறிடம் இருந்தால் அங்கே நடத்தக்கூடாது என்று 1902-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகே அந்த வழக்கம் ஓய்ந்தது. ஆகவே மதுவிடுதியைத் தேடுகிறவர் அதை நடத்தியவரின் சந்ததியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாடியறையில் வாடகைக்கு இருந்தவர், பாத்திரம் கழுவிய பெண், தேம்ஸில் மிதந்து கரைக்குக் கொண்டுவரப்பட்டவர் என யாருடைய சுவடும் ‘ரெட் லயன்’ போன்ற ஒரு பெயரில் போய் முட்டி நிற்கும். அந்தக் கட்டடம் எந்தத் தெருவில் இருந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். திருமணம் நடந்த தேவாலயமும் பிள்ளைகள் படித்த பள்ளியும் அடக்கம் செய்த இடமும் அந்த முகவரியிலிருந்தே பிடிபடுகின்றன.

கட்டடம் இல்லாமல் போனதற்குக் காரணங்கள் பல. செயின்ட் கேத்தரின் துறைமுகத்துக்காக 1820களில் ஒரு குடியிருப்பே அகற்றப்பட்டது. செயின்ட் பாங்க்ரஸ் ரயில்நிலையத்துக்காக 1860களில் சோமர்ஸ் டவுனின் பகுதிகள் இடிக்கப்பட்டன. 1905-இல் திறக்கப்பட்ட கிங்ஸ்வே சாலை, ஸ்ட்ராண்டுக்கு வடக்கே இருந்த பழைய சந்துகளை விழுங்கியது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு மீதியில் பலவற்றை அழித்தது. இன்றைய தெருவில் நடந்துபார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இடங்கள்தான் பெரும்பாலும் தேடப்படுகின்றன.

இன்று பரவலாக உள்ள முறை எளிமையானது. மதுவிடுதியின் பெயரை ஆர்வலர்கள் தொகுத்த பட்டியல்களில் தேடி, கிடைத்த தெருப்பெயரைப் பழைய வரைபடத்தில் பொருத்திப் பார்ப்பார்கள். வேகமான முறை இது. பல நேரம் சரியாகவும் வரும். ஆனால் அது பெயரை நம்பி நிற்கிறது. பெயரோ மாறும், இடம் விட்டு இடம் போகும், அடுத்தடுத்த தெருக்களிலேயே இரண்டு கடைகளுக்கு ஒரே பெயராக இருக்கும். ஆண்டுதோறும் அதிகாரிகள் முன் நின்று புதுப்பிக்கப்பட்ட ஒன்று உண்டு: விற்பனை உரிமம். அந்த உரிமத்தைத் தொடர்ந்து போகும் தேடல் மெதுவானது, அலுப்பானது. ஆனால் அதன் முடிவுக்குத்தான் ஆதாரத்தின் எடை இருக்கிறது.

இங்கிலாந்தில் மதுவிற்பவர் இரண்டு சமாதான நீதிபதிகளிடம் அனுமதி பெற்று, ஒழுங்காக நடத்துவதாகப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 1552-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பிணைகளைப் பதிவேட்டில் ஏற்றிவைக்க 1753-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பாடு செய்தது. ஏழைத் தெருவின் ஒரு தச்சரோ சலவைக்காரியோ அரசின் கண்ணில் படாமலே வாழ்ந்து முடித்திருக்கலாம். அதே தெருவின் மதுவிடுதிக்காரர் ஆண்டுக்கொருமுறை எழுத்தில் பதிவானார். இந்தத் தேடலின் மிகப்பெரிய பலம் இதுவே. சாதாரண மக்களின் புழங்கிடங்களில் இவ்வளவு தொடர்ச்சியாக ஆவணப்பட்டவை வேறு அதிகம் இல்லை.

ஆனால் அந்தப் பதிவேடுகளைத் திறப்பவருக்கு முதல் ஏமாற்றம் காத்திருக்கும். பல பிணைகளில் பெயரும் பங்கும் (தேவாலய வட்டாரம்) மட்டுமே இருக்கும்; தெருவோ பெயர்ப்பலகையோ இராது. எந்த மாவட்டத்தின் பதிவேடு என்பதையும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். 1889-இல் லண்டன் தனி மாவட்டமாகும் வரை, சிட்டி எனப்படும் பழைய நகரப்பகுதி நீங்கலாகத் தேம்ஸின் வடகரை மிடில்செக்ஸையும், தென்கரையின் பெரும்பகுதி சர்ரேயையும், டெட்ஃபோர்டும் க்ரீனிச்சும் கென்டையும் சேர்ந்தவை. ஆற்றின் ஒரு கரையில் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் ஆவணமே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஜார்ஜ் மன்னர்கள் காலத்து விடுதிகளுக்கு, 1710-இல் தொடங்கிய சன் தீக்காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிப் பதிவேடுகள் கைகொடுக்கின்றன. காப்பீடு செய்யப்பட்ட கட்டடம் எங்கே இருக்கிறது, யார் குடியிருக்கிறார் என்று அவை எழுதிவைத்திருப்பதால், பிணை சொல்லாததைச் சில வேளை அவை சொல்லிவிடும்.

இதைவிடப் பெரிய குறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருக்கிறது. 1828-ஆம் ஆண்டு மதுவிடுதிச் சட்டத்துக்குப் பிறகு பழைய பிணைப்பதிவேட்டுத் தொடர் பல இடங்களில் மெலிகிறது. 1830-ஆம் ஆண்டு பீர்க்கடைச் சட்டமோ நீதிபதிகளையே ஒதுக்கிவைத்தது. வரி செலுத்தும் குடித்தனக்காரர் எவரும் இரண்டு கினி கட்டி, கலால் துறையிடம் உரிமம் வாங்கிப் பீர் விற்கலாம் என்றது. எட்டே ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பீர்க்கடைகள் முளைத்தன. 1869-இல்தான் அவை மீண்டும் நீதிபதிகளின் கைக்கு வந்தன. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் முறையான உரிமப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் திறந்து மூடிய ஒரு பீர்க்கடைக்கு நீதிமன்ற ஆவணம் கிடைப்பது அரிது. வரவேற்பறையைக் கடையாக்கிப் பீப்பாய் இறக்கியவர்கள் பெரும்பாலும் எளியவர்கள். ஆவணம் யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ அவர்களையே இந்த இடைவெளி கைவிடுகிறது என்பதை முறையின் கடுமையான குறையாகவே கொள்ள வேண்டும்.

இடைவெளியை நிரப்புவதற்கு வணிக டைரக்டரிகள் உண்டு. பிகட், கெல்லி போன்றோர் வெளியிட்ட தொகுதிகளில் தெருவாரியாகவும் தொழில்வாரியாகவும் பெயர்கள் வரும். மதுவிடுதிகள் பலகைப் பெயரோடு அச்சாகும். பீர்க்கடைக்காரரோ ‘பீர் சில்லறை விற்பனையாளர்’ என்ற தலைப்பின்கீழ் தன் பெயரோடும் தெருவோடும் மட்டும் நிற்பார். கடைக்குப் பெயர் இருந்திருந்தாலும் அச்சில் வராது. டைரக்டரியின் ஆண்டையும் அப்படியே நம்பக் கூடாது. 1852 என்று அட்டையில் இருந்தால், உள்ளே இருக்கும் தகவல் பெரும்பாலும் முந்தைய ஆண்டில் திரட்டியது. விடுதி நடத்துவோர் சில ஆண்டுகளுக்கொருமுறை வேறு விடுதிக்கு மாறுவது சாதாரணமாக இருந்த தொழிலில், அந்த ஓராண்டுப் பிசகு ஆளையே மாற்றிவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஒரு பொறி உண்டு. 1841 ஏடுகளில் வீட்டு எண் பெரும்பாலும் இல்லை. 1851 முதல் 1901 வரையிலான பக்கங்களின் முதல் பத்தியில் இருப்பது படிவத்தின் வரிசை எண். அதை வீட்டு எண்ணாக எடுத்துக்கொண்டு தவறான கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆய்வுகள் ஏராளம். ஒவ்வொரு ஏட்டின் தொடக்கத்திலும் கணக்கெடுப்பாளர் நடந்த வழி எழுதப்பட்டிருக்கும். அலட்சியமாகப் புரட்டிவிடும் அந்தப் பக்கம், இடத்தை நிர்ணயிக்கப் பெயர்ப் பக்கங்களைவிட அதிகம் உதவும்.

தெருவும் எண்ணும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம்தான் இந்தத் துறையின் தலையாய பிழை. லண்டனில் ஒரே பெயரில் பல தெருக்கள் இருந்தன. ஜார்ஜ், சார்லஸ், சர்ச், யார்க் என்ற பெயர்கள் பங்குக்குப் பங்கு திரும்ப வந்தன. 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மாநகரப் பணிகள் வாரியமும், 1889 முதல் லண்டன் மாவட்ட மன்றமும் தெருப்பெயர்களை மாற்றின, வீடுகளுக்குப் புது எண் போட்டன. ஒரு நீண்ட சாலையின் துண்டுகள் தனித்தனி வரிசைப் பெயர்களோடும் தனித்தனி எண்களோடும் இருந்த நிலை போய், முழுச்சாலைக்கும் ஒரே பெயர் வந்தது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிய பழைய எண்வரிசை, ஒற்றைப்படை ஒருபுறமும் இரட்டைப்படை எதிர்ப்புறமுமாக மாறியது. 1850-இன் 34-ஆம் எண் வீடு 1880-இன் 34-ஆம் எண் வீடாக இருப்பது தற்செயல்தான். லண்டன் மாவட்ட மன்றம் வெளியிட்ட தெருப்பெயர்த் தொகுதிகள் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைத்துக் காட்டுகின்றன. அவற்றைப் பாராமல் எழுதிய முகவரியை அரைகுறையாகவே கருத வேண்டும்.

மூலைக்கடைகள் இன்னொரு சிக்கல். மதுவிடுதிகள் விரும்பி அமைந்தது தெருமூலையில். அதனால் ஒரே கட்டடம் உரிமப் பதிவேட்டில் ஒரு தெருவிலும், டைரக்டரியில் குறுக்குத்தெருவிலும் இடம்பெறலாம். இரண்டு விடுதிகள் என்று எண்ணிவிடுவது எளிது. இதற்குக் கெல்லியின் தெருப்பகுதியே நல்ல மருந்து. வீடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போதே, ‘இங்கே இன்ன தெரு பிரிகிறது’ என்று குறுக்குத்தெருக்களையும் இடையிடையே அச்சிட்டிருப்பார்கள். விடுதிக்கு முன்னும் பின்னும் வரும் ரொட்டிக்கடை, அடகுக்கடை, பிரியும் சந்து ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எண்கள் மாறினாலும் வரிசை மாறாது. எண்ணை விட்டுவிட்டு அண்டை அயலைப் பிடிப்பதே இந்தத் தேடலில் உள்ள வழிகளில் மிக உறுதியானது.

அதன்பிறகே வரைபடத்துக்குப் போக வேண்டும். ரிச்சர்ட் ஹார்வுட் 1790களில் வெளியிட்ட லண்டன் வரைபடம் வீடுவீடாகக் காட்டியது. பலவற்றுக்கு எண்ணும் கொடுத்தது. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெரிய அளவு நகர வரைபடங்கள் மதுவிடுதியை இரண்டெழுத்துக் குறியால் அடையாளப்படுத்தின. சில பதிப்புகள் பெயரையே எழுதின. 1886 முதல் வந்த சார்லஸ் கோட் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள் கட்டடத்தின் பயனையும் சுவரின் பொருளையும்கூடக் காட்டுகின்றன. பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் படியவைக்கும் வசதி வந்துவிட்டதால், யாரும் வீட்டிலிருந்தே இதைச் செய்யலாம்; அது பெரும் கொடைதான். ஆனால் படியவைத்த வரைபடம் சில மீட்டர் விலகலாம். நெருக்கமான தெருவில் சில மீட்டர் என்றால் பக்கத்துக் கட்டடம். திரையில் தெரியும் துல்லியம் ஆதாரத்தின் துல்லியம் ஆகிவிடாது.

பெயரை நம்புவதன் ஆபத்துக்கு சதர்க்கின் டாபர்ட் விடுதியே போதிய சான்று. சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ தொடங்கும் இடம் அது. 1676-ஆம் ஆண்டு சதர்க் தீயில் அழிந்தபின், அதே இடத்தில் எழுந்த கட்டடம் டால்பட் என்ற பெயரில் நடந்தது. அதுவும் 1870களில் இடிக்கப்பட்டது. உலகப்புகழ் பெற்ற விடுதிக்கே இந்தக் கதி என்றால், தெருமுனைக் கடைகளின் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸின் டென் பெல்ஸ், 1976 முதல் 1988 வரை வேறொரு பெயரில் நடந்து பழைய பெயருக்குத் திரும்பியது. நீதிபதிகளின் அனுமதியோடு உரிமம் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த தெருக் கட்டடத்துக்குப் போவதும் உண்டு. பலகையும் கூடவே போகும்.

இந்த நுட்பங்கள்தான் ஆர்வலர் பட்டியல்களில் தொலைகின்றன. ஊதியமின்றி அவற்றைத் தொகுத்தவர்களின் உழைப்பு மதிப்புக்குரியது; அவை இல்லாமல் பல குடும்பங்களின் தேடல் தொடங்கியே இராது. குறை, அவற்றை முடிவாக எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. 1839, 1848, 1856 டைரக்டரிகளிலிருந்து ஒருவர் பெயரை எடுத்து எழுதினால், அவர் அங்கே 1839-இல் வந்து 1856-இல் போனார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அது மூன்று ஆண்டுகளுக்கான சாட்சி மட்டுமே. ஒரே பெயருள்ள இரண்டு கடைகள் ஒரே பதிவாக இணைந்துவிடுவதும் சாதாரணம். ஒருமுறை இணைந்துவிட்ட பதிவைப் பிறர் நகலெடுத்துப் பரப்புவதால், பல இடங்களில் காணப்படுவதே ஆதாரம் என்ற மயக்கமும் சேர்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் மறைந்த விடுதிகளுக்கு நிலைமை நல்லது. 1904-ஆம் ஆண்டுச் சட்டம், தேவைக்கு மிஞ்சிய விடுதிகளின் உரிமத்தை இழப்பீடு கொடுத்து முடிவுக்குக் கொண்டுவர வழிசெய்தது. இழப்பீட்டைக் கணக்கிட வேண்டியிருந்ததால் உரிமையாளர், குத்தகைக்காரர், வியாபார அளவு எல்லாம் கோப்பில் ஏறின. 1910-ஆம் ஆண்டு நிதிச்சட்டத்துக்காக நடந்த நிலமதிப்பீட்டின் களக்குறிப்பேடுகளும் வரைபடங்களும் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன; குறிப்பேட்டில் சில விடுதிகளின் அறைகள்கூட வரிசையாக எழுதப்பட்டிருக்கும். லண்டன் மாவட்ட மன்றத்தின் குண்டுச்சேத வரைபடங்கள் கட்டடங்களுக்குச் சேதத்தின் அளவுப்படி வண்ணம் தீட்டியிருப்பதால், விடுதி போரில் விழுந்ததா, பின்னால் இடிக்கப்பட்டதா என்பதையும் பிரித்தறியலாம்.

இடம் உறுதியானாலும் அது எதை நிறுவுகிறது என்பதில் நிதானம் வேண்டும். விடுதியில் குழந்தை பிறந்தது என்பதால் பெற்றோர் அதை நடத்தினார்கள் என்றாகாது. உரிமம் பெற்றவர் கட்டடத்தின் சொந்தக்காரர் என்றும் ஆகாது. பெரும்பாலான கட்டடங்கள் ட்ரூமன், விட்பிரெட் போன்ற மதுவடிப்பு நிறுவனங்களின் பிடியில் இருந்தன, அவற்றின் குத்தகைப் பதிவுகளும் லண்டன் ஆவணக்காப்பகத்தில் தேடக் கிடைக்கின்றன. பல விடுதிக்காரர்கள் பகலில் வேறு தொழில் பார்த்தார்கள். அங்கே கடையை உண்மையில் நடத்தியவர் பெரும்பாலும் மனைவி. அவர் பெயர் கணவர் இருக்கும்வரை டைரக்டரியில் வராது. கணவர் இறந்தால் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றும்படி அவர் நீதிபதிகளிடம் விண்ணப்பிப்பார். பதிவேட்டில் தேதியோடு அது ஏறும், உள்ளூர்ச் செய்தித்தாளின் உரிம மாற்றப் பத்தியிலும் ஒரு வரியாக வரும். இறந்தவரின் பெயரோடு நின்றுபோகும் தேடலில் இந்த ஒரு வரிதான் விடுபடுகிறது.