பதினைந்து வருஷமாக என் கையில் ஒரு பிஎஸ்பி

மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் கூட்டத்தில் நானும் ஒருவன். வீடு கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பகுதியில். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, தங்கவயலில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த ரயில்தான் சோறு போடுகிறது. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவே. அந்த நேரத்துக்காக 2010-ல் சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பி 3000 ஒன்றை வாங்கினேன். இன்றும் ஓடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வலப்பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன சுவிட்ச். மேலே ஒரு தள்ளு தள்ளி விட்டால் ஆட்டம் நின்ற இடத்திலேயே உறங்கிவிடும். பங்காருபேட்டையில் கூட்டம் ஏறும்போது தள்ளி, பையில் போட்டுக்கொள்வேன். சாயங்காலம் இருக்கை கிடைத்ததும் மறுபடி தள்ளினால், காலையில் ஓங்கிய வாள் ஓங்கியபடியே நிற்கும். சேமிக்கவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ரயிலில் நின்றுகொண்டே போகிறவனுக்கு 4.3 அங்குலத் திரையைவிட இதுதான் பெரிய வசதி. பேட்டரியோடு சேர்த்து எடை 189 கிராம்தான். ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி மறு கையில் எடுத்துவிடலாம்.

எங்கள் ஊரில் இதற்கு எதிரி தூசி. நூறு ஆண்டுகளுக்கு மேல் பாறையை அரைத்துத் தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய மண், சயனைடு மேடுகளாக நிற்கிறது. காற்று எழும்பினால் மாவுபோலக் கிளம்பி, சாத்திய சன்னலுக்குள்ளும் வந்து படியும். பிஎஸ்பி ஆட்டங்கள் வரும் யுஎம்டி வட்டு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தாலும், லேசர் படிக்கும் பக்கம் மூடி இல்லாமல் திறந்தே இருக்கும். தூசி புகுவது அந்த வழியாகத்தான். ஒருநாள் ‘காட் ஆஃப் வார்’ பாதியில் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. உலர்ந்த மெல்லிய துணியால் வட்டைத் துடைத்து, வட்டுக் கதவைத் திறந்து லேசாக ஊதினேன், சரியானது. அன்றிலிருந்து பழைய பென்சில் டப்பாதான் வட்டுகளுக்கு வீடு.

அடுத்தது பேட்டரி. கூட வந்த 1200 எம்ஏஎச் பேட்டரி பல வருஷம் உழைத்து ஓய்ந்தது. பிறகு ஒரு கடையில் வாங்கிய மாற்று பேட்டரி ஒன்றரை வருஷத்தில் உப்பி, பின்மூடியையே தூக்கிவிட்டது. நல்ல வேளை, மூடியை நகத்தால் நெம்பி உடனே கழற்ற முடிந்தது. இன்றைய கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் பேட்டரியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். இத்தனை வருஷம் இது தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அந்த மூடிதான் என்பேன். இப்போது பேட்டரியை எடுத்துப் போட்டால் தேதியையும் நேரத்தையும் புதிதாகக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சின்ன செல்லும் தீர்ந்துவிட்டது. ஆட்டத்துக்கு அதனால் இடைஞ்சல் இல்லை.

குறை உண்டு. அனலாக் குமிழ் இடப்பக்கம் மட்டும்தான். சுற்றிப் பார்க்க வேண்டிய ஆட்டங்களில் கட்டைவிரல் திண்டாடும். சேமிக்கப் போடும் மெமரி ஸ்டிக் சோனியின் தனி ரகம். ஆனால் மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகும் அடாப்டர் வந்த பிறகு அந்தக் கவலை போய்விட்டது.

என் மகன் இதில் விரும்பி ஆடுவது ஹைதராபாத் நிறுவனமான கேம்சாஸ்திரா உருவாக்கிய ‘தேசி அட்டா’. கபடி, கில்லி எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த வட்டு எங்களுடையது. அதை ஆட இணையமும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம்.

பழைய பிஎஸ்பி வாங்குவதாக இருந்தால், முதலில் பின்மூடியைத் திறந்து பேட்டரி தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு வட்டைப் போட்டுப் பத்து நிமிஷம் ஆடுங்கள். இரண்டும் சரியென்றால் தயங்காமல் வாங்கலாம். ஆடாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள்.