நூறு புள்ளி வாங்கினால் குணமாகிவிட்டதா?

அக்டோபர் 27 உலக ஆக்குபேஷனல் தெரபி தினம். இந்தச் சிகிச்சையின் வெற்றியைப் பேசும்போதெல்லாம் ஒரு கணக்கு முன்னால் வந்து நிற்கிறது: பக்கவாதத்தோடு வந்த நாளில் இத்தனை புள்ளி, வீடு திரும்பும் நாளில் இத்தனை. "புள்ளி ஏறியிருக்கிறதே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கிறார்கள். குறையே அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது.

இத்துறையின் பயனை மறுப்பதற்கில்லை. பாதித்த கையை முதலில் நுழைத்துச் சட்டை போடுவது, விரல்கள் மடங்கி இறுகாமல் ஸ்ப்ளின்ட் கட்டுவது, குளியலறையில் பிடிமானக் கம்பியை எங்கே பொருத்துவது என்பதெல்லாம் எந்த மாத்திரையாலும் ஆகாத காரியங்கள். மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2007 முதல் நடத்தும் வேலைக்குத் திரும்பும் திட்டமும், மலாக்காவில் உள்ள அதன் துன் ரசாக் மறுவாழ்வு மையமும் பலரை மீண்டும் சம்பளக்காரர்களாக்கியிருக்கின்றன. இதெல்லாம் உண்மை.

ஆனால் குணமானதை எதை வைத்து அளக்கிறோம்? பெரும்பாலும் பார்தெல் அளவுகோலை வைத்து. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று பத்துக் காரியங்கள். மொத்தம் 100 புள்ளி. 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மஹோனி, பார்தெல் ஆகிய இருவர் வெளியிட்டது. சாப்பாட்டுக்கு முழுப் புள்ளி வாங்க அன்று அவர்கள் எதிர்பார்த்தது என்ன தெரியுமா? உணவை வெட்ட வேண்டும், உப்பும் மிளகும் தூவ வேண்டும், வெண்ணெய் தடவ வேண்டும். 1989இல் ஷா குழுவினர் புள்ளிப் பகுப்பை நுணுக்கமாக்கினார்கள். உன் வாழ்க்கைக்கு எது தேவை என்று நோயாளியைக் கேட்கும் இடம் அதிலும் இல்லை.

பந்திங் வட்டாரத் தோட்டமொன்றில் காலமெல்லாம் பால்மரம் சீவிய ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். வலக்கை விழுந்துவிட்டது. இடக்கையில் கரண்டி பிடித்துத் தானே சாப்பிட்டால் தாளில் முழுப் புள்ளி. ஆனால் இடக்கையை இலைக்குக் கொண்டுபோக அவருக்குக் கூசும். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார மாட்டார். "பசிக்கல" என்று சொல்லி ஓரமாக இருந்துவிடுவார். சாப்பாட்டில் அவர் தேறிவிட்டார் என்கிறது தாள். ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் இழந்துவிட்டார் என்பதைச் சொல்ல அதில் கட்டமே இல்லை.

ரசச் சோற்றை நான்கு விரலால் கூட்டி, உள்ளங்கையில் ஒழுகாமல் ஏந்தி, பெருவிரலால் வாய்க்குள் தள்ளுவது எவ்வளவு நுட்பமான கைவேலை! விரல்கள் சேர்வதும், மணிக்கட்டு திரும்புவதும், முழங்கை மடங்குவதும் அந்த ஒரு கவளத்தில் இருக்கின்றன. இதைவிட நல்ல பயிற்சி வேறென்ன வேண்டும்? அவருக்குக் கொடுப்பதோ, பலகைத் துளையில் குச்சி செருகும் வேலை. அது எதற்கென்று அவருக்குத் தெரியாது. மலாயில் கேட்டால் "போலே" (முடியும்) என்று தலையாட்டிவிட்டு வருவார். நாலு தடவை போய்விட்டு நின்றுவிட்டால், ஒத்துழைக்காத நோயாளி என்ற பெயரும் அவருக்கே.

நோயாளிகள் அதிகம், சிகிச்சையாளர்கள் குறைவு, ஒப்பிட ஓர் எண் வேண்டும் என்பார்கள். எண் இருக்கட்டும். ஆனால் 100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று பொருளல்ல, சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ நாலு பேரோடு பழகவோ முடியாமலும் போகலாம் என்று அளவுகோலை உருவாக்கிய இருவருமே எழுதிவைத்தார்கள். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம். நோயாளியே தன் தேவைகளைச் சொல்லி, செயலுக்கும் மனநிறைவுக்கும் ஒன்று முதல் பத்துவரை தானே மதிப்பிடும் கனடிய முறை 1991இலேயே வந்துவிட்டது. மாற்றுவழி இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. நோயாளியைக் கேட்காமல் போடும் புள்ளி, கட்டிலைக் காலி செய்ய உதவும் கணக்கு மட்டுமே. அதைக் குணம் என்று சொல்வது தவறு.

பந்திங்கிலோ கிள்ளானிலோ உங்கள் வீட்டுப் பெரியவரைச் சிகிச்சைக்கு அழைத்துப்போகும் முதல் நாளே, அவர் எதை மறுபடி செய்ய ஆசைப்படுகிறார் என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். மலாயில் எடுத்துச் சொல்ல ஒருவர் உடனிருங்கள். அதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.