52-ல் 27 போனால்?

எங்கள் தெரு இஸ்திரிக்காரரின் மகள் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில், ‘கவனம் இல்லை’.

இந்தக் கணக்கில் மூளைக்கு மூணு வேலை. ஏழிலிருந்து ரெண்டை எடுக்கத் துடிக்கிற கையை அடக்கணும். கடன் வாங்கின பத்தை ஞாபகம் வெச்சுக்கணும். அஞ்சு இப்போ நாலாயிடுச்சேன்னு ரூட்டை மாத்தணும். இதைத்தான் ‘எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்’ என்கிறார்கள். மூளைக்குள் ஒரு மேனேஜர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். (பி.காம். படித்தவனுக்கு வேறு உவமை வராது.)

அந்த மேனேஜர் ஏன் சில வீடுகளில் மட்டும் அடிக்கடி லீவு போடுகிறார்? செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷாஃபிரும் 2013-ல் எழுதிய ‘ஸ்கேர்சிட்டி’ சொல்லும் பதில்: அவர் லீவில் இல்லை, வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். சாட்சி நம்ம ஊர்க்காரர்கள்தான். தமிழகத்தின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்தில் ஒரு பரீட்சை, காசு வந்தபின் இன்னொன்று. அதே ஆள், அதே மூளை. ஆனால், காசு வந்தபின்தான் நன்றாகச் செய்தார்கள்.

இன்னொரு சாட்சி, 1975-ல் வெளியான நியூயார்க் பள்ளி ஆய்வு. ரயில் பாதையை ஒட்டிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். சத்தத்தைக் குறைத்ததும் வித்தியாசம் மறைந்தது. பிள்ளைகளை யாரும் திருத்தவில்லை. சத்தத்தைத்தான் திருத்தினார்கள்.

இதுவரை சபாஷ். ஆனால், புத்தகம் கொஞ்சம் ஓவராகவே நம்பிக்கை காட்டுகிறது. 2016-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஏழைக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது மூளைத்திறனில் இப்படி வித்தியாசம் தெரியவில்லை. தீர்வு என்று வரும்போதும் நினைவூட்டல், எளிய படிவம் என்று சுருங்கிவிடுகிறார்கள். ரயிலை நிறுத்தச் சொன்னவர்கள் எஸ்.எம்.எஸ்ஸுக்கு இறங்கலாமா?

அதற்காக, ‘மேனேஜருக்குப் பயிற்சி’ என்று கம்ப்யூட்டர் கேம் விற்பவர்களிடமும் போய்விடாதீர்கள். பிள்ளை கேமில்தான் கெட்டிக்காரன் ஆகிறது, கணக்கில் அல்ல என்று 2013-லேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இஸ்திரிக்காரர் மகள் வண்டி ஓரம்தான் ஹோம்வொர்க் செய்வாள். ஒரு கணக்குக்குள் மூணு தடவை, “பாப்பா, இந்தத் துணியைக் குடுத்துட்டு வா!” போன ஞாயிறு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தேன். அஞ்சு கணக்கில் நாலு சரி. ஒரு பிள்ளை, ஒரு சாயங்காலம். ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.